கர்னல் சார்லஸ் யங்

படைத்துறை அதிகாரித் தேர்வுக்கு ஆயத்தமாகும் நம் மாணவர்கள் கர்னல் சார்லஸ் யங்கின் வரலாற்றை அறிந்திருத்தல் நலம் எனக் கருதுகிறோம்.

அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில், கறுப்பின அடிமைப் பெற்றோருக்கு மகனாக 1864ஆம் ஆண்டு பிறந்தார் அவர். தந்தையார் அடிமைத்தளையினின்று தப்பிப் படையிற் சேர்ந்தார். ஒகையோ மாநிலத்தில் பயின்று பள்ளி ஆசிரியரான யங், 1883இல் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரிப் போட்டித் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் பெற்றவர் விலகியமையால் மறு ஆண்டு இவருக்கு இடம் கிட்டியது.

அங்கே உடன் பயின்றோர் பலர் அவருடன் பேசவும் மறுத்தனர். கணிதத்தில் தவறி முதலாண்டைத் திரும்பப் படித்தார். இறுதியில் பொறியியலிலும் தவறினார். பின்னாளில் பனாமாக் கால்வாயைக் கட்டி முடித்த கோதல்ஸ் தனியே கற்பிக்க, மறுதேர்வு எழுதி 1889இல் அதிகாரியானார். வகுப்பில் கடைசி இடம் அவருடையது. அக்கல்லூரியில் தேறிய மூன்றாம் கறுப்பினத்தவர் என்னும் பெருமையும் அவருடையதே.

1917இல் அவர் மேலும் உயரவிருந்த வேளையில், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் காட்டிக் கட்டாய ஓய்வளித்தனர். கறுப்பினத்தவர்கீழ்ப் பணியாற்ற விரும்பாத வெள்ளையர் முன்னரே முறையிட்டிருந்தனர். யங் 1918 ஜூன் மாதம் ஒகையோவிலிருந்து தலைநகர் வாஷிங்டன் வரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவு குதிரையேறிச் சென்று தம் உடல்வலிமையை மெய்ப்பித்தார். எனினும் போர் முடிவுறும் தறுவாயிலேயே மீண்டும் அழைக்கப்பட்டார். 1922இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் மறைந்தார். நூறாண்டு கழித்து, 2022இல் அவருக்குப் பிரிகேடியர் ஜெனரல் பதவி வழங்கப்பட்டது.

தேர்வில் தவறுதல் இழிவன்று. தவறியதை மீண்டும் கற்க நாணுதலே இழிவு. நேர்முகத் தேர்வினின்று வெறுங்கையுடன் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு நாம் கூற விழைவது இதுவே.