சிரிக்க வைத்தவர், சிறையிலிருந்து மீண்டவர்: கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்

நம் குடியிருப்பிலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பினால், சேலத்தைத் தாண்டியதும் சாலையோரத்தில் ஒரு பழைய வளைவு தென்படும். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவாயில் அது. ஸ்டுடியோவை நடத்தியவர் நம் பக்கத்து ஊரான திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம். அங்கே தயாராகி 1940-இல் வெளிவந்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். படத்தின் சிரிப்புப் பகுதி ஒரு கணவன் மனைவி ஜோடியிடம் இருந்தது: என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம். இந்த இதழில் அந்தக் கிருஷ்ணனின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் பிறந்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அப்பா சுடலைமுத்துப் பிள்ளை, அம்மா இசக்கியம்மாள். வறுமையால் படிப்பு சீக்கிரமே நின்றுபோனது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கும் பையனாகத்தான் அவர் மேடையை முதலில் பார்த்தார். பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். ஊரில் கேட்டு வளர்ந்த வில்லுப்பாட்டு அவருக்குக் கடைசிவரை கைகொடுத்தது. கதையை நிறுத்தி, கேட்பவரிடம் பேசி, சிரிக்க வைத்து, மறுபடி கதைக்குள் போகும் அந்தப் பாணியைப் பிற்காலத்தில் திரையிலும் பார்க்கலாம்.

1935-இல் 'மேனகா', 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி' என்று திரைக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் 'சதிலீலாவதி'தான் முதல் படம். அதே ஆண்டு 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே போனபோது மதுரத்தைச் சந்தித்தார். இருவரும் மணம் செய்துகொண்டார்கள். கிருஷ்ணனுக்கு ஏற்கெனவே திருமணமாகியிருந்தது என்பது மதுரத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது. பெரிய மனிதர்களின் வாழ்க்கையிலும் இப்படிச் சில பக்கங்கள் உண்டு. அப்படித் தொடங்கிய உறவில், பின்னால் அவரைக் காப்பாற்ற முன்னால் நின்றவர் அதே மதுரம்தான்.

அந்தக் காலப் படங்களில் நகைச்சுவை தனிப் பாதையாக ஓடும். கதாநாயகன் கதை ஒருபுறம், சிரிப்புக் கதை மறுபுறம். தன் பகுதிக்கான காட்சியையும் வசனத்தையும் பாட்டையும் கிருஷ்ணனே தன் குழுவோடு உட்கார்ந்து உருவாக்குவார். இயக்குநர் என்ற பெயர் வருவதற்கு வெகு முன்பே அந்த வேலையை அவர் செய்துகொண்டிருந்தார். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் பாகவதரும் இருந்தார், கிருஷ்ணனும் இருந்தார்.

ஆனால் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோதே இருவரும் சிறையில் இருந்தார்கள். 1944 நவம்பரில் 'இந்துநேசன்' பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். சினிமாக்காரர்களைப் பற்றிய அவதூறுகளை அச்சிட்டுப் பிழைத்த பத்திரிகை அது. டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. மிச்சமிருந்த வழி லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் மட்டுமே.

அங்கே போகப் பணம் வேண்டும். மதுரமும், நடிகர் எஸ்.வி. சகஸ்ரநாமம் போன்ற நண்பர்களும் நாடகக் குழுவைக் கலைய விடாமல் நடத்தினார்கள். மேடையில் ஓடிய 'பைத்தியக்காரன்' நாடகத்தைக் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமாக எடுத்தார்கள். பிரிவி கவுன்சில் வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொன்னது. உயர் நீதிமன்றத்தில் வி.எல். எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் விடுதலை கிடைத்தது. சுமார் இரண்டரை ஆண்டுகள் சிறையில் போயிருந்தன. வெளியே வந்தவர் 'பைத்தியக்காரன்' படத்திலேயே தனக்கென்று சேர்க்கப்பட்ட காட்சிகளில் நடித்தார். அதே ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் 'கலைவாணர்' என்ற பட்டத்தை அளித்தார்.

பாகவதர் விடுதலைக்குப் பின் பழைய உயரத்தை மறுபடி எட்டவில்லை. கிருஷ்ணனோ சிறைக்குப் போனபோது இருந்ததைவிடத் துணிச்சலான கலைஞராகத் திரும்பினார். 1949-இல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி' வெளிவந்தது. அமெரிக்க இயக்குநர் பிராங்க் காப்ராவின் ஒரு படக்கதையைத் தழுவி, மதுவிலக்கைப் பேசிய படம். அதில் வரும் 'கிந்தனார்' காலட்சேபத்தைப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. நந்தனார் கதையின் சாயலில், படிக்க ஆசைப்பட்ட ஒரு தாழ்த்தப்பட்ட சிறுவனின் கதையைச் சொல்வது அது. அதைக் கேட்கும் நாம் சிரிப்பது அந்தச் சிறுவனைத் தடுப்பவர்களைப் பார்த்துத்தான். சிரித்து முடித்த பிறகுதான், அந்தத் தடுப்பவர்களில் நாமும் உண்டோ என்று உறுத்தும்.

பிறகு இயக்குநர் நாற்காலியிலும் அமர்ந்தார். 1951-இல் 'மணமகள்': ஒரு மலையாள மேடை நாடகத்தின் தழுவல், மு. கருணாநிதி வசனம். பத்மினியைத் தமிழில் கதாநாயகியாக நிறுத்திய படம் இதுதான். 1952-இல் 'பணம்': இதுவும் கருணாநிதி வசனம், வரதட்சணையைச் சாடிய கதை. 'பராசக்தி'க்கு அடுத்து வந்த சிவாஜி படம் இது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர்களாகச் சேர்ந்து இசையமைத்ததும் இந்தப் படத்திலிருந்துதான். ஒரு நகைச்சுவை நடிகர் இயக்கிய இரண்டே படங்களில் இத்தனை பேருக்கு வாசல் திறந்தது.

சம்பாதித்ததைக் கணக்குப் பார்க்காமல் கொடுத்தவர் என்றே அவரோடு பழகியவர்கள் நினைவுகூர்ந்தார்கள். தனக்கென்று பெரிதாக எதையும் சேர்க்காமல் 1957 ஆகஸ்ட் 30 அன்று சென்னையில் மறைந்தார். வயது 49 கூட நிறையவில்லை. 1969 ஜனவரியில் சென்னை தியாகராய நகரில் அவருடைய சிலையை முதல்வர் அண்ணா திறந்து வைத்தார். அப்போது அண்ணா கடும் நோயில் இருந்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அது என்பார்கள். சென்னையிலுள்ள கலைவாணர் அரங்கம் இன்றும் இவர் பெயரைச் சொல்கிறது.

நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் எத்தனையோ நகைச்சுவைகள் வருகின்றன. சிலவற்றைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறோம். சிலவற்றால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மனம் நொந்து குழுவை விட்டே போய்விடுகிறார். அனுப்பும் முன் ஒரு கணம் கலைவாணரை நினைத்துக்கொள்ளலாம். அவதூறுப் பத்திரிகையால் தொடங்கிய ஒரு வழக்கில் வாழ்க்கையின் இரண்டரை வருடத்தை இழந்தவர் அவர். வெளியே வந்தபின் யாரையும் பழிதீர்க்கத் தன் சிரிப்பைப் பயன்படுத்தவில்லை. கள்ளையும் சாதியையும் வரதட்சணையையும் எதிர்க்கவே அதைப் பயன்படுத்தினார்.

அடுத்த முறை ஏற்காடு போகும்போது, அந்த வளைவருகே வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தி, பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் 'கிந்தனார்' பற்றிக் கேளுங்கள். அதன்பிறகு பேச்சை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.