அரியலூர்ச் சிப்பிகளைப் படித்த ஸ்டோலிச்கா

வஹகோட்டைப் புனித அந்தோனியாரிடம் யாத்திரை போய்வரும் நீங்கள் மாத்தளைப் பகுதியின் வெண்ணிறச் சுண்ணாம்புக் கல்லைக் கண்டிருக்கலாம். அதை எவ்வளவு உடைத்தாலும் உள்ளே ஒரு சிப்பியும் அகப்படாது. அது படிந்த பழங்காலத்தில் சிப்பி கொண்ட உயிர்களே தோன்றியிருக்கவில்லை. பின்னர் பூமியின் ஆழத்து வெப்பமும் அமுக்கமும் அதைப் பளிங்காக்கிவிட்டன.

கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டு அரியலூரில் கதையே வேறு. அங்கே ஓடைக் கரைகளிலும் தரிசு நிலங்களிலும் சிப்பிகள், சங்குகள், ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட்டுகள் எல்லாம் கல்லாய்க் கிடக்கின்றன. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6½ கோடி ஆண்டுகளுக்கு முன்வரை அது கடலோரம். அக்காலத்துக்குக் கிரேத்தேசியஸ் என்று பெயர். பள்ளியில் எழுதும் வெண்கட்டியைக் குறிக்கும் 'கிரேத்தா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

அந்தச் சிப்பிகளுக்குப் பெயரும் வரிசையும் தந்தவர் யார் என்று கேட்பீர்கள். அவர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1838ஆம் ஆண்டு ஜூன் மாதம், இன்று செக் நாட்டில் உள்ள மொராவியாவில் பிறந்தவர். தந்தையார் ஒலொமூட்ஸ் அதிமேற்றிராணியாரின் காடுகளைப் பராமரித்தவர். மகனோ வியன்னாவில் புவிச்சரிதவியல் கற்று, 1862இல், தமது 24ஆம் வயதில், இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தில் சேரக் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்.

திருச்சிராப்பள்ளிப் பகுதியின் பாறைகளை ஹென்றி பிளான்போர்டு என்ற ஆங்கிலேயர் ஏற்கெனவே ஆராய்ந்து, அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சிராப்பள்ளி, மேலே அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்திருந்தார். அடியில் உள்ள படையே மூத்தது என்ற விதியை 1669இல் எழுதிவைத்தவர் ஸ்டீனோ. (அவர் பிற்பாடு மேற்றிராணியாரானார், 1988இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது.) ஆனால் ஊட்டத்தூரின் ஒரு படை ஐரோப்பாவின் எந்தப் படைக்கு ஒத்த வயதுடையது? இதைப் பாறையின் நிறம் சொல்லாது. உயிர்ச்சுவடுதான் சொல்லும். ஒவ்வொரு வகை அம்மோனைட்டும் சிறிது காலமே வாழ்ந்து மறைந்தது. ஆகையால் ஒரே வகை இரு தேசங்களில் கிடைத்தால் அவ்விரு படைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தவை.

ஸ்டோலிச்காவின் வேலை அதுதான். ஆயிரக்கணக்கான சிப்பிகளை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, மடிப்பும் வரியும் பார்த்து, ஐரோப்பியச் சிப்பிகளோடு ஒப்பிட்டு எழுதினார். கல்கத்தாவின் புழுக்கத்தில் பத்தாண்டு இப்படி உட்கார்ந்திருப்பது லேசான காரியமா, சொல்லுங்கள். முதலில் அம்மோனைட்டுகள், அடுத்துச் சங்கினங்கள், பின்னர் இருவாய்ச் சிப்பிகள், கடைசியில் கடல் முள்ளெலிகளும் பவளங்களும். தென்னிந்தியக் கிரேத்தேசியஸ் உயிர்கள் பற்றிய நான்கு பெருந்தொகுதிகள் 1873இல் நிறைவெய்தின. இடையிடையே இமயத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்கும் ஏறி, அந்த உயரத்துப் பாறைகளிலும் கடற்சிப்பிகளை ஆராய்ந்தார்.

நூல் முடிந்த அதே ஆண்டிலேயே, போர்சைத் தலைமையில் யார்க்கண்ட் சென்ற தூதுக்குழுவில் சேர்ந்தார். போகாதிருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. போகும் வழியிலேயே கடும் நோய் கண்டது. தேறியதும், திரும்பாமல் தொடர்ந்து நடந்தார். காஷ்கரையும் பாமீர் மலைகளையும் பார்த்தார். திரும்பும்போது காரகோரம் கணவாயின் மெல்லிய காற்று அவரைத் தாக்கியது. தலைவலியோடும் மூச்சுத் திணறலோடும் பாறைகளைக் குறித்துக்கொண்டே வந்தவர், 1874 ஜூன் 19இல், லடாக்கின் முர்கோ என்னுமிடத்தில் காலமானார். வயது 36. லே நகரில் அடக்கம் செய்து, அரசினர் அங்கு நினைவுத்தூண் எழுப்பினர்.

மறு ஆண்டு, நொய்மையர் என்ற அறிஞர் ஓர் அம்மோனைட் இனத்துக்கு ஸ்டோலிச்காயா என்று பெயர் வைத்தார். ஊட்டத்தூர்ப் படைகளில் அது கிடைக்கிறது. ஐரோப்பாவிலும் அதைக் கண்டால், அந்தப் படைக்கு ஏறத்தாழ 10 கோடி ஆண்டு வயது என்று கணக்கிடுகிறார்கள்.