பால் எர்டோஷ்

பால் எர்டோஷ் (மார்ச் 26, 1913 - செப்டம்பர் 20, 1996) ஹங்கேரி நாட்டில் பிறந்த கணிதவியலாளர் ஆவார். எண் கோட்பாடு, சேர்வியல், கோட்டுருவியல், நிகழ்தகவுக் கோட்பாடு ஆகிய துறைகளில் ஏறத்தாழ 1,500 ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார். அவற்றுள் பெரும்பாலானவை பிறருடன் சேர்ந்து எழுதப்பட்டவை. அவருடன் எழுதியோர் 500 பேருக்கும் மேலாவர். ஆய்வாளர்களிடையேயான கூட்டுறவின் தொலைவைக் குறிக்கும் எர்டோஷ் எண் இவர் பெயரால் வழங்குகிறது.

இளமை

எர்டோஷ் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையும் தாயும் கணித ஆசிரியர்கள். இவர் பிறந்த நாட்களிலேயே மூத்த சகோதரிகள் இருவரும் செங்காய்ச்சலால் இறந்தனர். 1914 இல் உருசியப் படையிடம் சிறைப்பட்ட தந்தை ஆறு ஆண்டுகள் கழித்தே வீடு திரும்பினார்.

ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையில் ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்பது செபிஷேவ் நிறுவிய தேற்றம். இதற்கு மிக எளிய நிறுவல் ஒன்றை எர்டோஷ் இளம் மாணவராக இருந்தபோதே கண்டார். அது 1932 இல் வெளியாயிற்று. 1934 இல் முனைவர் பட்டம் பெற்று இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கும், 1938 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்கும் சென்றார். தந்தை 1942 இல் இறந்தார். உறவினர் பலர் நாசிகளின் யூத இன அழிப்பில் மாண்டனர். தாய் உயிர் தப்பினார்.

பகா எண் தேற்றமும் பிணக்கும்

பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாக அமைந்துள்ளன என்று கூறும் பகா எண் தேற்றம் 1896 இல் சிக்கலெண் பகுவியலின் துணைகொண்டு நிறுவப்பட்டது. அத்துணையின்றி நிறுவ இயலாது என்றே பலரும் கருதினர். 1948 இல் நார்வே நாட்டவரான ஆட்லே செல்பர்க் ஓர் அடிப்படை வாய்பாட்டைக் கண்டார். அதைக்கொண்டு எர்டோஷ் அடுத்த படியை நிறுவினார். இரண்டும் சேர்ந்தே முதல் எளிய நிறுவல் அமைந்தது. கூட்டுக் கட்டுரையாக வெளியிட எர்டோஷ் விரும்பினார், செல்பர்க் இணங்கவில்லை. 1949 இல் இருவரும் தனித்தனியே வெளியிட்டனர். செல்பர்க் 1950 இல் ஃபீல்ட்ஸ் பதக்கமும், எர்டோஷ் 1951 இல் கோல் பரிசும் பெற்றனர். ஒரு கண்டுபிடிப்பில் எவர் பங்கு எவ்வளவு என்னும் வினா இந்நிகழ்வால் இன்றளவும் பேசப்படுகிறது.

நாடோடி வாழ்க்கை

1954 இல் ஆம்ஸ்டர்டாம் மாநாட்டுக்குச் சென்ற எர்டோஷுக்கு அமெரிக்கா மீள்நுழைவு அனுமதி மறுத்தது. 1963 வரை பெரும்பாலும் இத்தடை நீடித்தது. அவருக்கு நிலையான வீடோ வேலையோ இல்லை. மணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பெட்டியுடன் நாடு நாடாகச் சென்று, கணிதவியலாளர்களின் வீடுகளில் தங்கி, அவர்களுடன் ஆய்வு செய்து, அடுத்த ஊருக்குப் புறப்படுவார். தாம் முன்வைத்த புதிர்களுக்கு விடை காண்போர்க்குப் பணப்பரிசு அளித்தார். அவருடைய பணத்தையும் கட்டுரைகளையும் நண்பர் ரொனால்ட் கிரகாம் பேணி வந்தார்.

1975 இல் கல்கத்தாவிலிருந்து செல்லும் வழியில் சென்னைக்கு வந்து, தமக்குக் கடிதம் எழுதியிருந்த இளம் மாணவர் கிருஷ்ணசுவாமி அல்லாடியைச் சந்தித்தார். இருவரும் எழுதிய கட்டுரை 1977 இல் வெளியாயிற்று.

எர்டோஷ் எண்

எர்டோஷின் எண் 0. அவருடன் சேர்ந்து கட்டுரை எழுதியவரின் எண் 1. அவ்வாறு எழுதியவருடன் எழுதியவர், தாம் நேரடியாக எர்டோஷுடன் எழுதாவிடில், எண் 2 பெறுவார். இவ்வாறே இது தொடரும். எவ்வழியிலும் இணைப்பில்லாதவரின் எண் முடிவிலி ஆகும். கேஸ்பர் கோஃப்மன் 1969 இல் எழுதிய சிறு கட்டுரையால் இவ்வழக்கம் பரவியது. எர்ன்ஸ்ட் ஸ்ட்ராஸ் என்பவர் இருவருடனும் எழுதியதால் ஐன்ஸ்டீனின் எண் 2.

எர்டோஷுக்கு ஏழு வயதானபோது மறைந்த இராமானுஜனின் எண் 3. இராமானுஜன் ஹார்டியுடனும், ஹார்டி ஹைல்பிரானுடனும், ஹைல்பிரான் எர்டோஷுடனும் எழுதினர். இச்சங்கிலியில் ஹார்டியும் ஹைல்பிரானும் சேர்ந்து எழுதியது லாண்டாவ் என்ற கணிதவியலாளரைப் பற்றிய நினைவுக் கட்டுரையாகும். ஆழ்ந்த தேற்றமாயினும் நினைவுக் குறிப்பாயினும் இணைப்பு ஒன்றாகவே எண்ணப்படுகிறது என்பதற்கு இது சான்று.

எனவே இவ்வெண் அறிஞர் ஒருவரின் தரத்தை அளப்பதில்லை. அவர் யாருக்கு எவ்வளவு அருகில் இருந்தார் என்பதையே காட்டுகிறது. பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்பதைக்கொண்டு அளக்கும் முறைகள் வேறு. 2005 இல் ஹிர்ஷ் முன்மொழிந்த எச் குறியீடு அவற்றுள் ஒன்று. விளையாட்டாகத் தோன்றிய எர்டோஷ் எண்ணுக்கும் விலை உண்டாயிற்று. 2004 இல் எண் 5 பெறுவதற்கான கூட்டு ஆய்வு வாய்ப்பொன்று இணையத்தில் ஏலம் விடப்பட்டது.

வலையமைப்பு ஆய்வு

எர்டோஷும் ஆல்பிரட் ரேனியும் 1959 முதல் தற்செயல் கோட்டுருக்கள் பற்றி எழுதினர். புள்ளிகளைத் தற்செயலாகக் கோடுகளால் இணைக்கும்போது, ஒரு புள்ளிக்குச் சராசரியாக ஒரு கோடு என்ற அளவைத் தாண்டியவுடன், புள்ளிகளில் கணிசமான பங்கு ஒரே பெரும் தொகுதியாக இணைகிறது என்று காட்டினர். பின்னர் அறிவியலாளர்களின் கூட்டுறவு வலைகளை ஆராய்ந்தோர் இதை ஒப்பீட்டு அளவுகோலாகக் கொண்டனர். உண்மையான வலைகள் தற்செயலானவை அல்ல. ஒருவருடன் எழுதிய இருவர் தமக்குள்ளும் சேர்ந்து எழுதும் வாய்ப்பு அவற்றில் மிகுதி. மிகப்பல இணைப்புகளை உடைய சிலரும் அவற்றில் உண்டு. எர்டோஷ் அத்தகையவர்.

இறப்பு

எர்டோஷ் 1983-84 ஆம் ஆண்டுக்கான வுல்ஃப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அத்தொகையில் பெரும்பகுதியைப் பெற்றோர் நினைவாக ஓர் உதவித்தொகைக்கு அளித்தார். 1996 இல் போலந்தின் வார்சா நகரில் கணித மாநாட்டில் கலந்துகொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். அவர் புடாபெஸ்டில் பெற்றோரின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறருடன் தொடங்கிய கட்டுரைகள் பின்னரும் பல ஆண்டுகள் வெளிவந்தன. இதனால் எண் 1 பெற்றோரின் தொகை அவர் மறைவுக்குப் பின்னும் கூடியது.