இருமலோடு வாழ்ந்த இசைமேதை

போலந்து நாடு ஈன்ற இசைச் செல்வர் பிரெடெரிக் ஷோப்பின். அவர் வாழ்ந்தது 39 ஆண்டுகளே. அவற்றுள்ளும் பெரும்பகுதி இருமலோடு கழிந்தது.

1810இல் வார்சா நகருக்கு அருகே பிறந்த அவர் இளமையிலேயே மெலிந்த உடலினர். 1826இல் ஊற்றுநீரும் திரிந்த பாலின் தெளிநீரும் அருந்திக் குணம்பெறட்டுமென்று ரெய்னெர்ஸ் என்னும் மலையூருக்கு அவரை அழைத்துச் சென்றனர். மறு ஆண்டே தங்கை எமிலியா 14 வயதில் நோய்வாய்ப்பட்டு மறைந்தாள்.

1831இல் பாரிஸ் சேர்ந்த ஷோப்பின், தம் நாளையே நோய்க்கேற்ப வகுத்துக்கொண்டார். கொழுப்பு மிகுந்த உணவு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விலக்கினார். இருமல் முற்றினால் சர்க்கரையில் அபினித் துளிகள். பேரரங்குகளைத் தவிர்த்து, சிறு கூடங்களில் மெல்ல வாசித்தார். வாழ்நாளில் நடத்திய பொதுக் கச்சேரிகள் ஏறத்தாழ முப்பதுதாம். மாணவர்க்குக் கற்பித்தே வயிறு வளர்த்தார். பிற்காலத்தில் கோடை வந்தால் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டின் நோஆன் கிராமத்து இல்லம். அங்குதான் மூச்சும் சீர்பட்டது, இசையும் பெருகியது.

காற்று மாற்றம் எப்போதும் கைகொடுக்கவில்லை. 1838இல் வெயிலை நாடி மயோர்க்காத் தீவுக்குப் போனார், பின்னர் வாய்த்ததோ மழை! மருத்துவர் காசநோய் என்றதும் வீட்டுக்காரர் வெளியேறச் சொன்னார். படுக்கையை எரித்த செலவையும் இவர்கள் தலையில் கட்டினார். வல்டெமோசா மடத்தின் ஈரச் சுவர்களுக்கிடையே இருமிக்கொண்டே தம் 24 பிரெலூடுகளை முடித்தார். திரும்பியது பன்றிகள் ஏற்றிய கப்பலில், இரத்தம் கக்கியபடி. நோயாளிக்கு இதைவிடக் கொடிய பயணம் வேண்டுமா?

1848இல் பிரிட்டன் சென்றபோது மாடிப்படிகளில் அவரைத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. அப்படியும் நவம்பர் 16 அன்று லண்டனில் போலந்து மக்களுக்காக வாசித்தார். அதுவே இறுதி மேடை. 1849 அக்டோபர் 17 அன்று பாரிசில் இயற்கை எய்தினார். அவருடைய இதயத்தை மூத்த சகோதரி லுட்விகா சாராயச் சாடியில் இட்டு வார்சாவுக்குக் கொண்டுசென்றார்.

அந்நோய் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸாக இருக்கலாம் என 1987இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழொன்றில் ஒரு கட்டுரை வெளிவந்தது. இது பரம்பரை நோய். கெட்டிப்பட்ட சளி நுரையீரலை அடைக்கும், கணையக் குழாய்களை அடைத்துக் கொழுப்பைச் செரிக்கவிடாது. 1938இல்தான் டாக்டர் டாரத்தி ஆண்டர்சன் இதைத் தனி நோயாக விளக்கினார். இன்றைய நோயாளிகள் நாள்தோறும் மார்பைத் தட்டிச் சளி அகற்றுகின்றனர். மருந்தை ஆவியாக உள்ளிழுக்கின்றனர். உணவோடு நொதி மாத்திரை விழுங்குகின்றனர். 2019இல் மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரையும் வந்தது. ஷோப்பினுக்கு வாய்த்தவை அபினியும் ஊர்மாற்றமுமே.

2014இல் ஆய்வாளர் அச்சாடியைத் திறவாமல் வெளியிலிருந்தே பார்த்தனர். இதய உறையைத் தாக்கிய காசநோயே சாவுக்குக் காரணமாகலாம் என்று 2017இல் எழுதினர். சாடி மீண்டும் திருச்சிலுவை ஆலயத் தூணுக்குள் வைத்து மூடப்பட்டது.