வீரமங்கை வேலு நாச்சியார்

ஆண் வாரிசு இல்லையேன்னு வருந்துற வீடுகள் எங்க தென்காசிப் பக்கம் இன்னும் உண்டு. வேலு நாச்சியாரும் இராமநாதபுரம் மன்னர் செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதிக்கு ஒரே மகள்தான்.

1730-இல் பிறந்தவர். வாள்வீச்சு, குதிரையேற்றத்தோடு உருது முதலிய மொழிகளும் கற்றார். 1746-இல் சிவகங்கை முத்துவடுகநாதரை மணந்தார். 1772-இல் காளையார்கோயிலில் ஆங்கிலேயரும் நவாப் படையும் சேர்ந்து கணவரைக் கொன்றனர். மகள் வெள்ளச்சியோடு தப்பி, விருப்பாச்சியில் எட்டாண்டு காத்திருந்தார். ஹைதர் அலியிடம் உருதுவிலேயே பேசி உதவி பெற்றாராம். சின்ன வயசுப் படிப்பு அன்னைக்குக் கைகொடுத்தது! 1780-இல் மருது சகோதரர்கள் துணையோடு சிவகங்கையை மீட்டு ஆண்டார். 1796-இல் மறைந்தார்.

எங்க குடும்பத்துல முதன்முதலா படிக்க வந்தவள் நான். குற்றாலச் சீசன்ல கடை போட்டு அப்பா ஃபீஸ் கட்டுறார். பொட்டப்புள்ளைக்குப் படிப்பு எதுக்குன்னு கேட்கிற சொந்தக்காரங்களுக்கு இந்த ராணி கதையைத்தான் சொல்லப்போறேன்.