ஹோவி மோரென்ஸ்: 2 கோலில் நழுவிய கோப்பை... ஊரைவிட்டுப் போக மனசில்லாத ஸ்டார்!

ஐஸ் ஹாக்கியின் முதல் சூப்பர் ஸ்டார் யாருன்னு கனடாவில் கேட்டால், பலரும் சொல்லும் பெயர் ஹோவி மோரென்ஸ். 1902-ல் ஒன்டாரியோ மாகாணத்தின் மிட்செல் என்ற சிற்றூரில் பிறந்தவர். பிறகு குடும்பம் பக்கத்து ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டுக்குக் குடிபோனது.

1920-21 சீசனில் அந்த ஊர் ஜூனியர் அணியான மிட்ஜெட்ஸுக்கு ஆடினார். வேகம்தான் அவரோட பலம். அந்த வருஷம் அணி மெமோரியல் கோப்பை ஃபைனல் வரை போனது. எதிரே வின்னிபெக் ஜூனியர் ஃபால்கன்ஸ். ரெண்டு மேட்ச், மொத்த கோல்தான் கணக்கு. முதல் மேட்ச்சில் 9-2 என செம அடி. அவ்வளவுதான்னு நினைக்கும்போது, அடுத்ததில் ஸ்ட்ராட்ஃபோர்டு 7-2 என ஜெயித்தது. கூட்டிப் பார்த்தால் 11-9. கோப்பை போச்சு!

1923-ல் மான்ட்ரியல் கனேடியன்ஸ் கிளப்போடு ஒப்பந்தம் போட்டார். உடனே மனசு மாறி, வாங்கிய பணத்தைத் திருப்பி அனுப்பினார். சொந்த ஊரில் அமெச்சூராகவே ஆட ஆசை. கிளப் விடவில்லை. அரைமனசோடு போனவர், முதல் சீசனிலேயே ஸ்டான்லி கோப்பை வென்றார். சிறந்த வீரருக்கான ஹார்ட் டிராஃபியும் பிறகு 3 முறை கிடைத்தது.

1937 ஜனவரியில் மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில் ஆடும்போது கால் முறிந்தது. மார்ச் 8-ல் மருத்துவமனையிலேயே இறந்தார். வயசு 34தான். இறுதிச் சடங்கு நடந்ததும் அதே ஃபோரமில்.