கப்பலில் பிறந்த கணக்கு

1930ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் இத்தாலி நாட்டை நோக்கிப் புறப்பட்டது. அதில் பத்தொன்பது வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் பயணம் செய்தார். அவரே பின்னாளில் உலகம் போற்றிய வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

அவர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் இரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றியதால், குடும்பம் லாகூரிலும் லக்னோவிலும் வாழ்ந்து, பின்னர் சென்னைக்கு வந்தது. பன்னிரண்டு வயது வரை அவருக்கு வீடே பள்ளியாக இருந்தது. தாயார் சீதாலட்சுமி அவருக்குத் தமிழ் கற்பித்தார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின், இங்கிலாந்தில் மேற்படிப்புக்கான உதவித்தொகை கிடைத்தது. அப்போது தாயார் நோயுற்றிருந்தார். மகன் தயங்கினார், தாயாரோ அவரைச் செல்லுமாறு வற்புறுத்தினார். மறு ஆண்டே அவர் மறைந்தார். மகனால் அவரை மீண்டும் காண இயலவில்லை.

அக்கப்பல் பயணத்தின்போதே சந்திரசேகர் ஒரு கணக்கைத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறுமீன் ஆகும். ஆனால் அதன் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மிகுந்தால், அது அந்நிலையில் நிற்க இயலாது என்று அவர் கண்டார். இதுவே சந்திரசேகர் எல்லை எனப்படுகிறது.

1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் இலண்டன் அவையில் இதனை அவர் விளக்கினார். புகழ்பெற்ற அறிஞர் எடிங்டன் அங்கேயே அதனை எள்ளி நகையாடினார். சந்திரசேகர் மனம் வருந்தினார்; ஆயினும் ஆய்வைக் கைவிடவில்லை. பின்னர் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இறுதிவரை பணியாற்றினார். அறுபது வயதைக் கடந்தபின் கருந்துளைகளை ஆராய்ந்து, 1983இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அவ்வாண்டே நோபல் பரிசு பெற்றார். 1995இல் மறைந்தார்.

1999ஆம் ஆண்டு விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயர் சூட்டப்பட்டது. நம் பால்வீதியின் நடுவில், சூரியனைப்போல் ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு நிறையுடைய கருந்துளை ஒன்று உள்ளது. கருந்துளையிலிருந்து ஒளி வெளிவராது. ஆனால் அதனைச் சுற்றிச் சுழலும் வெப்ப வாயுவிலிருந்து சில வேளைகளில் திடீரெனச் சுடர் எழும். 2000ஆம் ஆண்டில் சந்திரா அத்தகைய சுடர் ஒன்றை எக்ஸ் கதிரில் கண்டது. பின்னர் வேறு தொலைநோக்கிகள் அகச்சிவப்புக் கதிரிலும் ரேடியோ அலைகளிலும் அம்மையத்தின் ஒளிமாற்றங்களைப் பதிவு செய்தன. ஒவ்வோர் அலையும் வெவ்வேறு செய்தியைத் தருவதால், அறிஞர்கள் அவற்றை ஒப்பிட்டுச் சுடர் தோன்றும் விதத்தை ஆராய்கின்றனர்.

பம்பாயிலிருந்து தாயைப் பிரிந்து கப்பலேறிய இளைஞரின் பெயரைத் தாங்கி, அத்தொலைநோக்கி இன்று புவியைச் சுற்றி வருகிறது.